போர்க்கருவியும் பாட்டுக்கருவியும்

கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலைஞர்களின் வரலாற்றை மட்டுமே எழுதிவிடுகின்றனர். பாடியவர் யார், இயற்றியவர் யார், ஆதரித்த வள்ளல் யார் என்று கேட்பர். பாட்டுக்குத் துணைநின்ற கருவி யாருடைய உழைப்பிலே பிறந்தது, யாருடைய கையில் இருந்தது, யாருக்கு எட்டாமற் போயிற்று என்று கேட்போர் சிலரே. இலத்திரனியல் இசையின் வரலாற்றிலோ இக்கேள்வியைத் தவிர்க்கவே இயலாது. பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு மூலையிலிருந்தே இசையமைக்கக் கற்றுக்கொள்ளும் காலம் இது. ஆயின் அவ்விசையின் கருவிகள் வந்த வழியைத் தேடிச் சென்றால், போர்க்கப்பல்களும் இராணுவ நிலையங்களும் நம் எதிரே வந்து நிற்கின்றன. ஆகவே அவ்வரலாற்றைத் திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் நின்று பார்ப்பது பொருத்தமே.

இயற்கை அளித்த துறைமுகம் என்ற பெருமையே திருகோணமலையின் துன்பத்துக்கும் காரணமாயிற்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக வந்து அதற்காகப் போரிட்டனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய துறைமுகம், இலங்கை சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1957இல், அவர்களுடைய கடற்படையிடமிருந்து மீண்டது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அன்று அவை கரையை அடையுமுன்பே அவற்றின் வருகையை இங்கிருந்த ராடார் நிலையம் கண்டறிந்துவிட்டது.

ராடார் செய்வது என்ன? மின்னலையை உண்டாக்குகிறது, மோதித் திரும்பிய அலையை வாங்கிப் பெருக்குகிறது, வேண்டாத இரைச்சலை வடிகட்டுகிறது, எஞ்சியதை அளக்கிறது. உண்டாக்குதல், பெருக்குதல், வடிகட்டுதல், அளத்தல் என்னும் இந்நான்கு தொழில்களே இலத்திரனியல் இசைக்கும் அடிப்படை. அந்த அறிவு அன்று துறைமுகத்தின் முள்வேலிக்குள்ளே இருந்தது. வேலிக்கு வெளியே வாழ்ந்த மீனவருக்கும் கூலியாட்களுக்கும் கிடைத்தது குண்டின் ஓசை மட்டுமே.

போரின் எச்சத்திலிருந்து பாட்டுப் பிறந்த கதை அதற்கு முன்னரே இலங்கையில் நிகழ்ந்திருந்தது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு, தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் கொழும்பிலே ஒரு சிறிய ஒலிபரப்பியை அமைத்தனர். முன்னின்றவர் எட்வர்ட் ஹார்ப்பர். 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினர். 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. கப்பல்களை மூழ்கடிக்க வந்த கருவியின் உறுப்புகள், பாட்டைச் சுமக்கும் பணிக்கு மாறின. இங்கே பணத்தைவிட வேலை செய்தது கைத்திறன். கழித்துவிடப்பட்ட பொருளின் உள்ளமைப்பை அறிந்த அறிவு.

இரண்டாம் போரின் பின்னர் இதே மாற்றம் பெரிய அளவில் நிகழ்ந்தது. ஆங்கிலேயக் கடற்படையில் ராடார்ப் பணி செய்த டிரிஸ்ட்ராம் கேரி என்ற இளைஞர், இலத்திரன் கருவிகளால் புதுவகை இசையை ஆக்கலாம் என்று அங்கேயே சிந்திக்கலானார். போர் முடிந்ததும் இராணுவ உபரிச் சாமான்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கி, பிரித்து, மாற்றி இணைத்துத் தமது வீட்டிலேயே ஓர் இசைக்கூடத்தை அமைத்தார். பிரித்தானியாவில் தனியொருவர் அமைத்த முதல் இலத்திரனியல் இசைக்கூடங்களுள் அதுவும் ஒன்று. பெரும் நிறுவனங்கள் வாயில் திறவாத காலத்தில், பழைய சாமான்கடை அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ராடாரிலிருந்து வந்த இன்னொருவர் ஆதர் சி. கிளார்க். போர்க்காலத்தில் ஆங்கிலேய விமானப் படையில் ராடார்த் துறையில் பணியாற்றிய இவ்வெழுத்தாளர், 1956இல் இலங்கையில் வந்து குடியேறினார். அவ்வாண்டே திருகோணமலையில் சுவாமிமலைப் பாறையின் அடியில் கடலுக்குள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் தம் தோழர் மைக் வில்சனோடு கண்டார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றபோது அவர் கேட்டது மற்றொரு விந்தை: கணினி ஒன்று ‘டெய்சி பெல்’ என்ற பழைய ஆங்கிலப் பாட்டைப் பாடியது. பின்னர் 1968இல் வெளிவந்த ‘2001’ திரைப்படத்தில் சாகும் கணினி அப்பாட்டைப் பாடுவது இதன் விளைவே. பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் 1957இல் கணினியைக் கொண்டு ஒரு சிறு இசைத் துணுக்கை ஒலிக்கச் செய்திருந்தார். அன்றைய கணினி ஓர் அறையை நிறைப்பது. பெரிய நிறுவனங்களும் அரசுகளும் அன்றி வேறெவரும் அதனை வைத்திருக்க இயலாது. பாட்டு பிறந்துவிட்டது, ஆனால் அது மாளிகையில் பிறந்த பிள்ளை.

அப்பிள்ளை தெருவுக்கு வந்தது எப்படி? ஒரு காரணம் சந்தையின் தோல்வி. 1981இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.பி.303 என்ற சிறு கருவியை வெளியிட்டது. தனியே பயிலும் கிட்டார்க் கலைஞருக்குத் துணைவாத்தியமாக எண்ணப்பட்ட அது விற்பனையில் தோற்றது. சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. விலைபோகாத கருவி பழைய பொருட் கடைகளுக்குச் சென்றது. சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் அதனை மலிவாக வாங்கி, செய்தவர்கள் கனவிலும் கருதாத ஒலிகளை எழுப்பி, ஒரு புதிய நடன இசையையே உருவாக்கினர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1982இல், மும்பைத் திரைப்பட வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் அதே கருவியில் பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கியிருந்தார். அன்று அதனைக் கவனித்தோர் அரிது.

மற்றொரு காரணம் பொதுவுடைமையான ஒரு விதி. 1983இல் பல உற்பத்தியாளர்கள் சேர்ந்து ‘மிடி’ என்ற பொது முறையை வெளியிட்டனர். ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசுவதற்கான மொழி அது. உரிமைப் பணம் எதுவும் கேட்கப்படவில்லை. போட்டியையே உயிராகக் கொண்ட முதலாளிகள்கூட, பொதுமையின்றித் தங்கள் பண்டமும் வளராது என்று கண்டுகொண்ட தருணம் அது. 1989இல் சென்னையில் தமது வீட்டோடு ஒட்டி இசைக்கூடம் அமைத்த ஏ. ஆர். ரஹ்மானும், அங்கிருந்து 1992இல் ‘ரோஜா’வின் இசையைத் தந்தபோது, இம்முறையின் பயனையே அறுவடை செய்தார்.

ஈழத் தமிழரிடையே இவ்வரலாறு மேலும் கூர்மை பெறுகிறது. போரின் காரணமாக 1986இல் இலண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மாதங்கி அருட்பிரகாசம், அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். இசைப் பள்ளி எதிலும் பயிலாத அவர், கடனாகப் பெற்ற எம்.சி.505 என்ற கருவியையும் நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கொண்டு வீட்டிலேயே தம் முதற் பாடல்களை உருவாக்கினார். 2005இல் வெளிவந்த ‘அருளர்’ என்ற தொகுப்பு அவரை, எம்.ஐ.ஏ. என்ற பெயரில், உலகறியச் செய்தது. 2007இல் வெளிவந்த ‘காலா’வுக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். போர் அவரை ஊரிலிருந்து துரத்தியது. போரின் வழிவந்த தொழில்நுட்பமோ அவர் கையில் குரலாயிற்று.

இன்று நிலைமை என்ன? ஒரு காலத்தில் அறையை நிறைத்த கணினி மடியில் அமர்ந்துவிட்டது. ‘ஓடாசிட்டி’, ‘எல்.எம்.எம்.எஸ்.’ போன்ற மென்பொருள்களைப் பல நாட்டு உழைப்பாளிகள் கூடி ஆக்கி, விலையின்றிப் பொதுவில் வைத்துள்ளனர். கற்க வேண்டிய அடிப்படையும் மலைப்புக்குரியதன்று. நொடிக்கு 440 முறை அதிரும் சைன் அலை ஒரு மெல்லிய, வெறுமையான சுரம். அதே அதிர்வில் இரம்பப் பல் போன்ற அலையை எடுத்தால், மேற்சுரங்கள் நிறைந்த கரகரப்பு வரும். அதிலிருந்து வேண்டாதவற்றை வடிகட்டிக் கழித்தால் குழலின் சாயல் பிறக்கும். ஒலி எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும் மாற்றினால் அதுவே தட்டுவாத்தியமாகும். கணினி இவ்வலைகளை நொடிக்கு 44,100 எண்களாக எழுதுகிறது. எட்டாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் விளக்கிவிடக்கூடிய பாடம் இது.

ஆயினும் கருவி மலிந்த மாத்திரத்தில் கலை மக்களுடையதாகிவிடும் என்று நம்புவது பேதைமை. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவிற்று. மின்சாரம் இல்லாத வீட்டில் மென்பொருள் இலவசமாயிருந்தென்ன? பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. கற்பதற்கு வேண்டிய ஓய்வு நேரம் கூலியாளின் வீட்டில் மிக அரிது. இவற்றுக்கும் மேலாக, ஆயத்தத் தாளத் துண்டுகளை விற்கும் சந்தை, உலகமெங்கும் ஒரே தாளத்தை ஒலிக்கச் செய்கிறது. முள்வேலி இன்று கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இவ்வேலியைத் தாண்டும் வழி தனியொருவரின் சாமர்த்தியத்தில் இல்லை. கீழைக் கரையில் கரைவலை இழுக்கும் மீனவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவதுண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்வர். தாளம் தவறினால் வலை நகராது. கூட்டு உழைப்பிலே பிறந்த அந்தத் தாளத்தை, திருகோணமலையின் ஒரு வாசிகசாலையோ பாடசாலையோ, ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் கொண்டு பதிவு செய்து, மாணவர் கையிற் கொடுக்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் பாடங்கள் எழுதப்படட்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு கருவி போதும், அறிவு பொதுவாயிருந்தால். அந்நியரின் பீரங்கிகளை நூற்றாண்டுகளாகக் கேட்டிருந்த இக்கரை, தன் சொந்த ஒலியைத் தானே ஆக்கி உலகுக்கு அனுப்பும் நாள் அவ்வாறே வரும்.