மார்கோ வான் பாஸ்டன்

மார்கோ வான் பாஸ்டன் (பிறப்பு: 31 அக்டோபர் 1964, உட்ரெக்ட்) நெதர்லாந்துக் கால்பந்து வீரர், பின்னாளில் பயிற்சியாளர். அயாக்ஸ், ஏ.சி. மிலான் கழகங்களின் முன்கள வீரர். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை 1988, 1989, 1992 என மூன்று முறை வென்றார். கணுக்கால் காயம் 28 வயதிலேயே அவரைக் களத்திலிருந்து அகற்றிவிட்டது.

1982 ஏப்ரலில், 17 வயதில், நட்சத்திர வீரர் யோகன் கிரைஃபுக்கு மாற்று ஆட்டக்காரராக அயாக்ஸ் அணியில் அறிமுகமாகி அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அயாக்ஸுக்காக 133 லீக் ஆட்டங்களில் 128 கோல்கள். நல்ல உயரம், ஆனால் உயரமானவர்களிடம் அரிதாகவே காணப்படும் நளினம் அவர் காலில் இருந்தது.

அந்த நளினத்தின் உச்சம் 1988 ஐரோப்பியக் கோப்பை. இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல்கள். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை வீழ்த்திய கடைசி நிமிடங்களின் கோல். ஜூன் 25 அன்று மியூனிக்கில் சோவியத் ஒன்றியத்துடன் இறுதியாட்டம். இடப்புறத்திலிருந்து சக வீரர் ஆர்னல்ட் மியூரன் உயர்த்தி அனுப்பிய பந்து, வலது ஓரத்தில் மிகக் குறுகிய கோணத்தில் நின்ற வான் பாஸ்டனிடம் இறங்கியது. அங்கிருந்து கோலுக்கு அடிக்க இடமே இல்லை. பந்து தரையைத் தொடுமுன் அவர் அடித்தார். கோல் காவலர் தசாயேவின் தலைக்கு மேலே பறந்து அது வலைக்குள் விழுந்தது. ஐரோப்பியக் கோப்பை வரலாற்றில் இதைவிட அழகான கோல் இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இந்தக் கோலை அடித்தபோதே அவர் கணுக்கால் பழுதுபட்டிருந்தது. இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களின் முரட்டு உதைகளே அவரை முடித்தன என்பது பரவலான பேச்சு. அது பாதி உண்மைதான். 1986 டிசம்பரில், அயாக்ஸில் இருந்தபோதே, குரோனிங்கன் அணியுடனான ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டது. முழு ஓய்வு இல்லாமல் தொடர்ந்து ஆடினார். 1987-இல் அயாக்ஸுக்கு ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கிண்ணத்தை வென்று தந்த இறுதியாட்டக் கோலும் அவருடையதே. மூட்டெலும்புகள் உராயாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் பழையபடி வளர்வதில்லை. கிண்ணங்களுக்காக அந்தக் காலிடம் அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்டது என்பதே சரியான கணிப்பு.

மிலானில் சேர்ந்த முதல் பருவத்தின் பெரும்பகுதியைக் காயம் தின்றது. ஆனாலும் சக நெதர்லாந்து வீரர்கள் ரூட் குலிட், பிராங்க் ரைகார்ட் ஆகியோருடன் 1989, 1990 ஐரோப்பியக் கழகக் கோப்பைகளை வென்றார். 1991–92 பருவத்தில் இத்தாலிய லீக்கில் 25 கோல்கள். 1992 நவம்பரில் கோத்தன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல்கள். அடுத்த மாதமே மீண்டும் அறுவைச் சிகிச்சை. 1993 மே 26 அன்று மார்செய் அணியிடம் மிலான் தோற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டமே அவரது கடைசிப் போட்டி. அதுவும் 1988 இறுதியாட்டம் நடந்த மியூனிக்கின் அதே ஒலிம்பிக் அரங்கில்தான் நடந்தது.

இரண்டு ஆண்டுகள் மீளப் போராடி, 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். சான் சிரோ அரங்கில் ரசிகர்களிடம் விடைபெற்றபோது பயிற்சியாளர் ஃபாபியோ கப்பெல்லோ அழுதார். வலி தாளாமல் பின்னர் கணுக்கால் மூட்டை அசையாதபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். 2004 முதல் 2008 வரை நெதர்லாந்து தேசிய அணிக்குப் பயிற்சியளித்தார்.