செலவுத்தொகை பிறந்த கதை

பாகூர் ஏரிப் பாசனத்தில் என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்காலை அடைத்தார். பெரியப்பா கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை உத்தரவு வாங்கினார். உத்தரவு கைக்கு வந்த சில நாளிலேயே வாய்க்கால் மறுபடி அடைபட்டது. உத்தரவை மீறியதற்காக இன்னொரு மனு போட்டு, மறுபடியும் கோர்ட் படி ஏறினார்.

அவருடைய மஞ்சள் பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். வக்கீல் பீஸ், டைப்பிங், பேட்டா, பஸ், சாப்பாடு, வாய்தா நாளில் கெட்ட வேலை என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். கடைசியில் எதிராளி மன்னிப்புக் கேட்டார், அடைப்பும் எடுக்கப்பட்டது, மனு முடிந்தது. உத்தரவின் கடைசி வரி: செலவுத்தொகை இல்லை. நோட்டை மூடி மறுபடி பைக்குள் வைத்தார் பெரியப்பா. ஒரு வார்த்தை பேசவில்லை.

உத்தரவை மீறியவரால் வந்த செலவை அவரே கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கே பிறந்தது என்று என்னைத் தேட வைத்தது அந்த நோட்டுதான்.

எங்கள் புதுச்சேரி மண் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1806-ஆம் ஆண்டு பிரெஞ்சு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, தோற்றவர் வழக்குச் செலவை ஏற்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அந்நாட்டு நீதிபதிகள் 19-ஆம் நூற்றாண்டில் இன்னொன்றையும் உண்டாக்கினார்கள். உத்தரவை நிறைவேற்றாத ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு பணம், அதுவும் எதிர்த் தரப்புக்கு. அதற்கு ‘அஸ்த்ரேந்த்’ என்று பெயர். நீதிபதிகள் தாங்களாகவே நடத்தி வந்த அந்த வழக்கம் 1972-ல்தான் சட்டமாக எழுதப்பட்டது.

1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். அதற்குப் பிறகும் பிரெஞ்சு நடைமுறை உடனே போய்விடவில்லை. 1962-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தோம். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1968 செப்டம்பர் 5-ல்.

உத்தரவை மீறியதற்கான நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் வக்கீல் பீஸையே வசூலிப்பதற்கு அமெரிக்காவில் ஒரு தனிக்கதை உண்டு. ஜெயித்தாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான் கொடுக்க வேண்டும் என்பது 1796 முதல் அங்கே வழக்கம். அந்த ஆண்டு ஒரு வழக்கில் 1,600 டாலர் வக்கீல் செலவைக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1923-ல் இரண்டு தராசுக் கம்பெனிகள் காப்புரிமைக்காக மோதின. தோற்ற கம்பெனி தீர்ப்புக்கு அடங்காமல், அதை முடக்க வேறொரு கோர்ட்டுக்குப் போனது. அதனால் எதிர்த் தரப்புக்கு வந்த வக்கீல் செலவை அபராதத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேண்டுமென்றே உத்தரவை மீறினால் பழைய வழக்கம் காப்பாற்றாது என்ற விதிக்கு அங்கே இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விடும். மனுப் போட்டவரின் செலவைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. இதை நான் பெரிய குறை என்றே சொல்வேன்.

ஆனால் வழி அடைபடவில்லை. இடைக்காலத் தடை உத்தரவை மீறினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39 ரூல் 2ஏ-யின்படி கீழ்க்கோர்ட்டே சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பலாம். மீறல் ஓராண்டுக்கு மேலும் தொடர்ந்தால், ஜப்தியான சொத்தை விற்று வந்த பணத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் கொடுக்கலாம். அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ் செலவுத்தொகை கேட்கலாம். ஜெயித்தவருக்குச் செலவு இல்லை என்று சொல்லும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், டைப்பிங் இவற்றோடு, ஜெயித்தவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்கிய செலவு எல்லாம் நியாயமான அளவில் செலவுத்தொகையில் சேர வேண்டும் என்றது. பெரியப்பாவின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது எனக்கு. விதிகளைத் திருத்தினால்தான் அந்தச் சொல் பலிக்கும் என்று 2011-ல் அதே நீதிமன்றம் விளக்கியதையும் மறைக்கக் கூடாது. திருத்த வேண்டியவர்கள் திருத்த வேண்டும்.

பெரியப்பாவின் மனுவைப் பிறகு வாங்கிப் படித்தேன். செலவுத்தொகை வேண்டும் என்ற கோரிக்கையே அதில் இல்லை. நோட்டும் கடைசி வரை நீதிபதியின் பார்வைக்கு வரவில்லை.

வில்லியனூரிலோ பாகூரிலோ உத்தரவு மீறப்பட்டு மறுபடி கோர்ட்டுக்குப் போகிறவர்கள் மனுவின் கோரிக்கைப் பகுதியில் செலவுத்தொகையை ஒரு தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வக்கீல் பீஸுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். பஸ் டிக்கெட்டைக் கூடக் கிழித்துப் போடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு மனு போடுவதானால், மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள்.