மே 4, காலை ஒன்பது மணி

இன்னைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஒரு வரலாறு. நாமளே வாழ்ந்தது, அதனாலேயே சீக்கிரம் மறந்துட்டோம்.

2020 மார்ச் 25 அதிகாலை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடந்தது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கினதும் அதே நாள்தான். செல்லூர்ல இருக்கிற எங்க வீட்டுல இருந்து அந்த ஆஸ்பத்திரி சைக்கிள் மிதிக்கிற தூரம்.

எனக்கு அப்ப வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. வீட்டுல இருந்தே வேலை. பக்கத்து ரூம்ல அப்பா, கையில போன். தினமும் சாயங்காலம் மாவட்டவாரியா எண்ணிக்கை வரும். அதுல மதுரையைத் தேடுவார். அப்புறம் வாட்ஸப். எந்தத் தெருவை அடைச்சாங்க, யாரை ஆம்புலன்ஸ் ஏத்துச்சு... ராத்திரி ரெண்டு மணிக்கும் அவர் ரூம்ல வெளிச்சம் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் மார்ச் 18-லேயே சொல்லியிருந்தது: பதற்றம் தர்ற செய்திகளைக் குறைங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை, குறிப்பிட்ட நேரத்துல மட்டும் பாருங்க. ஏப்ரல் 7-ல் வாட்ஸப்பும் ஒரு பூட்டுப் போட்டது. பலமுறை கைமாறி வந்த மெசேஜை ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச முடிவு. ஆனா அப்பாவுக்கு அனுப்பினது ஒருத்தர் இல்லையே, முப்பது பேர்!

அடுத்து சித்திரைத் திருவிழா. அழகர் ஆத்துல இறங்குறது ரத்து. மதுரைக்காரங்களுக்கு அதோட அர்த்தம் தெரியும், மத்தவங்களுக்கு விளக்குறது கஷ்டம். மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4 காலை, விரல்விட்டு எண்ணுற அளவு பட்டர்களோட, பக்தர்களே இல்லாம நடந்தது. இணையத்துல நேரலை.

அம்மா எட்டு மணிக்கே குளிச்சு, பட்டுப்புடவை கட்டி, புது மஞ்சக்கயிறு தட்டுல வச்சு உட்கார்ந்துட்டாங்க. "தம்பி, நெட்டு நின்னுறாம பாத்துக்கப்பா"ன்னாங்க. என் ஆபீஸ் லேப்டாப்தான் திரை. ஒன்பது மணி தாண்டி, அங்க மீனாட்சிக்குத் திருமாங்கல்யம் ஏறினப்ப, இங்க அம்மா தாலிக்கயிறு மாத்துனாங்க. அப்பா போனைத் தலைகுப்புறக் கவுத்து வச்சிருந்தார். அன்னைக்கு மத்தியானம் நல்லாத் தூங்கினார்.

ரெண்டும் ஸ்கிரீன்தான், ரெண்டுக்கும் ஓடினது ஒரே டேட்டா பேக்தான். ஆனா கல்யாணத்துக்கு ஒரு முகூர்த்தம் உண்டு, முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடப் போவாங்க. வாட்ஸப்புக்கு முகூர்த்தமே கிடையாது. அன்னைக்கு எனக்குத் தோணினது அவ்வளவுதான்.

ஜூன் 24-ல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. இந்தத் தடவை நான் உஷாரா, "அப்பா, சாயங்காலம் ஒரு தடவைதான் நியூஸ், சரியா?"ன்னேன். "சரிடா"ன்னார். மூணாவது நாளே மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போனோட மாட்டினார். திட்டலாம்னு வாயைத் திறந்தேன். நான் மாடிக்குப் போனதே யாருக்கும் தெரியாம அன்றைய எண்ணிக்கையைப் பார்க்கத்தான்.