அரை மணித்தியாலம் தாண்டினால்

ஒரு வெள்ளைத் தட்டு. அதில் ஒரு கறுப்பு முள். எண்ணும் இல்லை, கோடும் இல்லை. முள் ஒவ்வொரு செக்கனும் ஒரு தடவை துள்ளும். நூறு துள்ளலில் ஒரு சுற்று முடியும். எப்போதாவது ஒரு தடவை மட்டும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அடி துள்ளிவிடும். அதைக் கண்டவுடன் கைக்குக் கீழே இருக்கிற விசையை அமத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு மணித்தியாலம். அறையில் நீங்கள் மட்டும்தான்.

கேட்கச் சுகமான வேலை மாதிரித்தான் இருக்கு. ஆனால் 1940களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த படை இளைஞர்களுக்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே ஆறு இரட்டைத் துள்ளலில் ஒன்று அளவில் தவறிப்போனது. அடுத்த அரை மணித்தியாலத்தில் நாலில் ஒன்று தவறியது. கண் நல்ல கண். கை விசையில்தான் இருந்தது. முள் துள்ளியதும் கண்முன்னால்தான். ஆனாலும் காணவில்லை.

வேலையில் கவனம் சிதறாமல் இருக்க மூளை அறிவியல் என்ன சொல்கிறது என்று இன்று எங்கே பார்த்தாலும் ஒரு புத்தகமோ காணொளியோ கிடைக்கிறது. நாங்களும் பார்க்கிறோம், ரெண்டு நாள் செய்கிறோம், மூன்றாம் நாள் எங்களையே திட்டிக்கொள்கிறோம். அந்த அறிவியலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கவனத்தை அளக்க வேண்டும் என்று முதலில் கேட்டது யார், எதுக்காகக் கேட்டார்கள் என்று தேடிப் போனால், இன்றைக்கு எங்களுக்குச் சொல்லப்படுவதில் பாதி தலைகீழாக இருப்பது விளங்கும்.

அந்த முள்ளைச் செய்தவர் நோர்மன் மக்வேர்த். அவருக்குக் கேள்வி வந்தது கடலில் இருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரான்ஸ் துறைமுகங்களில் இருந்து பிஸ்கே விரிகுடா வழியாக அத்திலாந்திக்குக்குப் போய்வந்தன. அவை எந்நேரமும் நீருக்குள்ளேயே கிடக்க ஏலாது. பற்றரிக்கு மின்னேற்ற மேலே வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பிடிக்கத்தான் பிரித்தானிய விமானங்களில் ராடார் பூட்டப்பட்டது. ஆனால் ராடார் தானாக எதையும் பிடித்துத் தராது. சின்னத் திரைக்கு முன்னால் ஒருவர் மணிக்கணக்கில் குந்தியிருந்து, ஒரு சிறு புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் வராது. வரும்போது அவர் அதைத் தவறவிட்டால், எங்கேயோ ஒரு சரக்குக் கப்பல் ஆட்களோடு அடியில் போகும்.

விமானப்படை கேட்ட கேள்வி இதுதான்: ஒருவரை எவ்வளவு நேரம் அந்தத் திரைக்கு முன்னால் வைத்திருக்கலாம்?

கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள். "கவனமில்லாத ஆளை எப்படித் திருத்துறது" எண்டு அவர்கள் கேட்கவில்லை. திருத்த நேரமும் இல்லை. கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது ஆளைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை என்பது படைக்கே தெரிந்திருந்தது.

1948இல் மக்வேர்த் இந்த முடிவுகளை ஒரு உளவியல் ஆய்விதழில் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் "விழிப்புநிலைச் சரிவு" என்பது ஒரு தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது. எங்களுக்கு அதில் பிடித்த இடம், அவர் முள்ளை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததுதான். ஒருமுறை, நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டு "மிச்ச நேரத்தில் இன்னும் நல்லாச் செய்யுங்கோ" என்ற மாதிரி ஒரு செய்தி சொன்னார்கள். சரிந்தது நிமிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பச் சரிந்தது. இன்னொரு முறை, ஒவ்வொரு தடவையும் கண்டீர்கள், தவறவிட்டீர்கள் என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரிவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அரை மணித்தியாலம் பார்த்து அரை மணித்தியாலம் ஓய்ந்து மாறி மாறி இருக்க விட்டபோதும் சரிவு வரவில்லை. பென்செட்ரின் என்ற அம்பெட்டமின் மாத்திரையைக் கொடுத்தும் பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது. இரண்டு மணித்தியாலமும் ஒரே சீர்.

ஓய்வு, பதில், மாத்திரை. மூன்றும் பலன் தந்தன. எதைத் தேர்வது என்பது அறிவியலின் கேள்வி இல்லை. முதல் இரண்டுக்கும் வேலையை மாற்ற வேண்டும். மூன்றாவதுக்கு ஆளை மாற்றினால் போதும். இந்தப் பிரிவினையை மறக்காமல் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

களைப்பை அளக்கிற யோசனை இந்தப் போரோடு தொடங்கியதும் இல்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்களும் ஆண்களும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், ஞாயிறும் சேர்த்து வேலை செய்தார்கள். கூட நேரம் வேலை செய்தால் கூடக் குண்டு வரும் என்பது நேரான கணக்கு. 1915இல் தொழிலாளர் உடல்நலத்துக்கு ஒரு குழு போட்டார்கள். அதில் வேலை செய்த எச். எம். வெர்னன் தொழிற்சாலைகளுக்குள் போய் உற்பத்தியை எண்ணிக் கணக்கெடுத்தார். நேரத்தைக் குறைத்த இடங்களில் மொத்த உற்பத்தி விழவில்லை. சில இடங்களில் கூடியும் இருந்தது. குழு ஞாயிறு வேலையை நிறுத்தச் சொன்னது. தேநீருக்கு இடைவேளையும் கன்டீன்களும் இந்தக் காலத்தில்தான் அந்தத் தொழிற்சாலைகளில் பரவின. (அந்தத் தேநீரில் இலங்கைக் கொழுந்தும் இருந்தது. அதைக் கிள்ளியவர்களின் களைப்பை யார் எண்ணினார்கள் என்பது வேறொரு கட்டுரை.)

வெர்னன் எண்ணியது உடம்பின் களைப்பை. மூளையின் களைப்பு வேறு மாதிரி வரும் என்பதைக் காட்டியது கேம்பிரிட்ஜில் கென்னத் கிரெய்க் கட்டிய ஒரு போலி விமானி அறை. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ஆசனமும் மானிகளும் அப்படியே இருக்கும், ஆனால் எங்கேயும் பறக்காது. அதில் பயிற்சி பெற்ற விமானிகளை மணிக்கணக்கில் "பறக்க" விட்டார்கள். களைத்த விமானியின் கை தளரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார், ஆனால் பிந்தியோ முந்தியோ செய்தார். முன்னால் இருந்த மானிகளைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த எரிபொருள் மானியை மறந்தார். இந்தப் பரிசோதனைகளை விளக்கிய பிரெடெரிக் பார்ட்லெட் சொன்னதில் எங்களை உறுத்துவது இது: களைக்கக் களைக்க விமானி தனக்கு எவ்வளவு பிழை போதும் என்ற அளவுகோலையே தளர்த்திக்கொள்கிறார், அது அவருக்கே தெரியாது. நல்லாத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே பிழை விடுகிறார். இரவு இரண்டு மணிக்கு அசைன்மன்ட் எழுதி முடித்துவிட்டுக் காலையில் வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1944இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பயன்பாட்டு உளவியல் ஆய்வுப் பிரிவுக்கு கிரெய்க்தான் முதல் பணிப்பாளர். 1945 மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்ததைக் கொண்டாடிய நாளுக்கு முதல் நாள் நடந்த சைக்கிள் விபத்தால் இறந்துபோனார். வயது 31.

சரி, அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த மூளைக்குள் என்ன நடந்தது? இதற்கான பதில் ஒருமுறை மாறியிருக்கிறது. 1949இல் மொருசி, மகூன் என்ற இருவர் பூனையின் மூளைத்தண்டில் ஒரு வலைப்பின்னல் பகுதியைத் தூண்டினால் மூளை முழுவதும் விழித்துக்கொள்வதைக் காட்டினார்கள். அதோடு ஒரு விளக்கம் பிரபலமானது. சலிப்பான வேலையில் அந்தப் பகுதிக்குப் போதிய தூண்டல் இல்லை, ஆகவே மூளை தூங்கி விழுகிறது என்றார்கள். "சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற வேலை, நித்திரை வரத்தானே செய்யும்" என்று நாங்களும் சொல்வதுதான்.

ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் இதை அப்படியே விட்டுவைக்கவில்லை. இப்படிக் காவல் பார்க்கிறவர்களிடம் கேட்டால், வேலை கடினம், மன அழுத்தம் என்றுதான் சொன்னார்கள். மூளைக்குப் போகும் இரத்தத்தின் வேகத்தை ஒலியலையால் அளந்தபோது, நேரம் போகப் போக அது குறைந்தது. வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களில் அந்தக் குறைவு வரவில்லை. அதாவது அந்த மூளை வேலை செய்துதான் களைத்திருக்கிறது. 2008இல் வார்ம், பரசுராமன், மத்தியூஸ் ஆகிய மூவரும் இவற்றைத் தொகுத்து எழுதிய கட்டுரையின் சாரமே, விழித்திருப்பது கடுமையான மனவேலை என்பதுதான்.

இது சின்ன விசயம் இல்லை. வாசலில் இருக்கிற காவலாளி, கமராத் திரைகளைப் பார்க்கிறவர், ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிழை தேடுகிற பெண், இரவுக் கடமையில் மொனிட்டர் பார்க்கிற தாதி, இவர்கள் செய்வதெல்லாம் மக்வேர்த்தின் முள்ளைப் பார்க்கிற வேலைதான். "சும்மா இருக்கிற வேலை" என்று சொல்லித்தான் இவற்றில் கனக்க வேலைக்குச் சம்பளம் குறைக்கப்படுகிறது.

இன்றைய கவனப் புத்தகங்களுக்கு வருவோம். அவற்றில் சொல்லப்படுவது எல்லாம் பொய் இல்லை. ஒரு வேலையில் இருந்து இன்னொன்றுக்குத் தாவினால் நேரம் செலவாகும் என்பது 1927இலேயே ஜெர்சில்ட் அளந்த உண்மை. இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்களைச் சொல்லிக் கவனத்துக்கு ஒரு வடிகட்டி இருக்கிறது என்று வாதிட்டவர், அதே கேம்பிரிட்ஜ் பிரிவின் டொனால்ட் புரோட்பென்ட். ஆனால் ஆட்டம் காண்பதும் இருக்கு. மனவுறுதி ஒரு எரிபொருள் மாதிரி, பாவித்தால் தீர்ந்துபோகும் என்று 1998இல் ஒரு ஆய்வு சொன்னது. எத்தனை புத்தகம் அதை வைத்து எழுதப்பட்டது! 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு அதன் ஒரு வடிவத்தைத் திரும்பச் செய்தபோது, விளைவு ஏறத்தாழப் பூச்சியம். அரை மணித்தியால எல்லையைக் கூடப் படிப்புக்கு அப்படியே பொருத்த ஏலாது. முள்ளைப் பார்ப்பதும் பிடித்த புத்தகத்தில் மூழ்குவதும் ஒரே வேலை இல்லை.

எங்கள் மனக்குறை வேறு. மக்வேர்த் கண்ட மூன்றில், ஓய்வும் பதிலும் வேலை கொடுப்பவரின் கையில் இருந்தவை. இன்றைய புத்தகங்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதின் வழியில் போகின்றன. காலையில் குளிர்ந்த நீரில் குளி, டோபமினைக் கட்டுப்படுத்து, செயலியை வாங்கு, போனைப் பூட்டு. மாத்திரையின் பெயர்தான் மாறியிருக்கு. பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்டைப் பற்றியோ, ஒரு நாளில் நாப்பது தடவை வட்ஸ்அப்பில் கூப்பிடுகிற மனேஜரைப் பற்றியோ அவை ஒன்றும் கேட்பதில்லை. கவனம் தப்பினால் பிழை உங்களுடையது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் பயணப் பைகளின் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிறவர் சாதாரணமாகத் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதன் பிறகு குறைந்தது 10 நிமிடம் படத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அங்கே யாரும் அவருக்கு மனவுறுதி பற்றி வகுப்பெடுப்பதில்லை. நேரம் வந்ததும் அவர் எழும்புகிறார், அந்தக் கதிரையில் இன்னொருவர் வந்து இருக்கிறார்.