ஒல்லாந்தரின் மீன் ஓவியங்கள்

திருக்கையின் வெளிறிய வயிறு. துண்டமாக அரிந்த சமன் மீனின் செந்நிறத் தசை. கூடை விளிம்பிலே கால் பரப்பிக் கிடக்கும் நண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹேக் நகரிலே தொழில் புரிந்த ஆபிரகாம் வான் பெயெரனின் மீன் ஓவியங்களை நோக்குவோர், அவற்றின் ஈரத்தைக் கையால் தொட்டதுபோல் உணர்வர்.

இவ்வகை ஓவியம் அக்காலத்து ஒல்லாந்தில் தழைத்தது ஏன்? மீன் கிறிஸ்துவின் குறியீடு என்றும், யாக்கை நிலையாமையை உணர்த்துவது என்றும் கூறி அமைவோர் உளர். அவ்விளக்கம் முற்றும் பிழையென்பதற்கில்லை; ஆயின் அது போதாது. 1566 இல் தேவாலயங்களின் உருவங்கள் உடைக்கப்பட்டன. கல்வினிய மதம் நிலைபெற்றபின் ஓவியனுக்குப் பழைய புரவலர் இல்லாதொழிந்தனர். அவன் சந்தையை நாடினான். 1640 இல் ஆம்ஸ்ரர்டாம் சென்ற ஆங்கிலப் பயணி பீற்றர் மண்டி, இறைச்சி விற்போரும் பாண் சுடுவோரும் தத்தம் கடைகளிற் படங்கள் மாட்டியிருக்கக் கண்டு வியந்தார். அத்தகையோர் தாம் அறிந்த உலகையே சுவரிலும் காண விரும்பினர்.

அவ்வுலகிலே மீன் அற்பப் பொருளன்று. ஆம்ஸ்ரர்டாம் ஹெரிங் மீனின் எலும்புகள்மேற் கட்டப்பட்டது என்பது அந்நாட்டு வழக்கு. பிடித்த மீனைக் கடலிலேயே குடலகற்றி, உப்பிட்டு, பீப்பாவில் அடைக்கும் முறையினால் கப்பல்கள் வாரக்கணக்கிற் கரை திரும்பாது தொழில் செய்தன. அம்மீன் போல்திக் நாடுகளுக்குச் சென்றது. அங்கிருந்து தானியம் வந்தது. யோசெப் டி பிறே என்பார் 1656 இல் உப்பிட்ட ஹெரிங்கைப் புகழ்ந்து ஓர் ஓவியமே தீட்டினார். (கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதும் அவ்வாண்டிலேயே.)

ஆனால், உப்பிட்ட கை எங்கே? ஹேக் நகரை அடுத்த ஸ்கெவனிங்கனில் அந்நாளிலே துறைமுகம் இல்லை. தட்டையான அடியுடைய படகுகளை மீனவர் மணலிலே ஏற்றினர். மீன் கரையிலேயே விலைபோயிற்று. அவ்வுழைப்பு ஓவியத்தின் நடுவிடத்தைப் பெறவில்லை. யூத்ரெக்ற் நகரத்து வில்லெம் ஓர்மேயா முன்னே மீனை வரைய, அடம் வில்லார்ட்ஸ் பின்னே கடலையும் கரையையும் வரைந்த படங்கள் உள. அவற்றில் மீன் பெரிது, மனிதர் புள்ளியளவினர்.

ஓவியனின் நிலையும் மேலானதன்று. பெயெரன் கடன்பட்டு லைடன், ஹேக், டெல்ஃப்ற், ஆம்ஸ்ரர்டாம், அல்க்மார் என ஊர் மாறியவர். வெள்ளிக் கலமும் சீனப் பீங்கானும் நிறைந்த செல்வர் மேசைகளையும் அவர் வரைந்தார்; அதனாலும் கடன் தீர்ந்தபாடில்லை. 1678 இல் ஓவியக் கலைபற்றி நூல் எழுதிய சாமுவெல் வான் ஹூக்ஸ்ட்ராற்றன், இத்தகைய பொருள்களை வரைவோரைக் கலைப்படையின் சாதாரணச் சிப்பாய்கள் என்றே தரம்பிரித்தார். பெயெரன் 1690 இல் ஓவர்ஷீ என்னும் சிற்றூரில் இறந்தார்.