பாக்கு மரம் பெயர் தந்த தீவு



வெற்றிலை பாக்குத் தட்டு இல்லாமல் நம் வீடுகளில் நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. அந்தப் பாக்குக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது.

மெர்போக்கின் அருகே உயர்ந்து நிற்கும் குனோங் ஜெராய் மலையில் ஏறி, வானம் தெளிந்த நாளில் தெற்கே பார்த்தால் பினாங்குத் தீவு தெரியும். மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. 'புலாவ் பினாங்' என்றால் பாக்குத் தீவு. கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த அத்தீவை, 1786 ஆகஸ்ட் 11இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் எடுத்துக்கொண்டார். 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயரும் சூட்டினார். ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது பாக்கின் பெயரே. அது லைட்டுக்கு மிகவும் முந்திய பெயர். 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோ நடத்திய கடற்பயணங்களை ஒட்டிய சீன வரைபடத்திலும் அது பாக்குத் தீவுதான்.

தமிழர்களாகிய நாம் இம்மரத்தைக் கமுகு என்றும், காயை அடைக்காய் என்றும் அழைத்தோம். 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு வந்தது. அவன் தந்தை இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இறைவனுக்குப் படைத்த பாக்கு 'அடைக்காயமுது' எனப்படுகிறது. மலையாளத்து 'அடைக்கா' போர்த்துக்கீசியர் நாவில் 'அரேக்கா' ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் என்னும் அறிஞர் அதையே மரத்தின் அறிவியல் பெயரில் சேர்த்தார்.

பெண் கேட்பதை மலாய்க்காரர் 'மெமினாங்' என்பர். அச்சொல்லுக்குள்ளும் பினாங் இருக்கிறது. நாம் அதை நிச்சயதாம்பூலம் என்கிறோம். தட்டு மாற்றிய பின் சொல் மாறக்கூடாது என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். மொழியும் சமயமும் வேறாயினும், வாக்குக்குச் சாட்சியாக இரு சமூகமும் வைத்தது ஒரே பாக்கைத்தான்.

ஆனால், பாக்கு தட்டோடு நிற்கவில்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. பாக்கிலுள்ள ஒரு சத்து உடலுக்குச் சுறுசுறுப்புத் தருவதால், களைப்பும் பசியும் தெரியாமல் இருக்க மென்றார்கள். அது அவர்கள் குற்றமன்று. அன்று யாரும் அவர்களுக்கு அதன் கெடுதலை எடுத்துச் சொல்லவில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதியாகக் கூறியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது. பாக்கை வாயில் அடக்கி வைப்போருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதும் கடினமாகலாம்.

ஆகவே, வீட்டில் மெல்லும் பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஏசாமல், அன்பாக எடுத்துச் சொல்வோம். வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

ஒரு தீவுக்குப் பெயர் தந்து, நம் திருமணங்களுக்குச் சாட்சியாய் நின்ற பாக்கு, தட்டில் என்றும் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் வாய்க்கு மட்டும் அது போகவேண்டாம்.