கெர்லிங் முதல் பாடாங் ஜாவா வரை

புக்கிட் செந்தோசாவிலிருந்து ராசாவுக்கு வந்து, பழைய ஈப்போ சாலையில் வடக்கே போனால் கோலகுபு பாருவைத் தாண்டிக் கெர்லிங் வரும். சின்ன ஊர். 1978 ஆகஸ்டில் அங்குள்ள சுப்பிரமணியர் கோயிலின் பெயர் மலேசியா முழுக்க அடிபட்டது.

1977 கடைசியிலிருந்தே இரவோடிரவாகக் கோயில்களுக்குள் புகுந்து சிலைகளை உடைக்கும் ஒரு கும்பல் நடமாடிக்கொண்டிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் சேதமாயின. ஊருக்கு ஊர் பக்தர்கள் முறைவைத்துக் கண்விழித்துக் காவல் காத்தார்கள். ஆகஸ்டு 19 இரவு கெர்லிங் கோயிலுக்குள் நுழைந்த ஐவரில் நால்வர் அங்கேயே உயிரிழந்தனர். அந்தச் சாவுகளுக்காகக் காவல் நின்றவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். இதில் வீரம் பேச ஒன்றுமில்லை. பயத்தோடு சாமி கும்பிட வேண்டிய நிலைக்கு ஒரு சமூகம் தள்ளப்பட்டதுதான் இதில் பெரிய துயரம்.

ஆனால், அன்று சுத்தியலுக்குத் தப்பிய கோயில்கள் பல பின்னாளில் நிலப்பத்திரத்துக்குத் தப்பவில்லை.

பால்மரக் காட்டில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் எழுந்தபோதே மாரியம்மனும் வந்துவிட்டாள். எல்லையில் ஒரு மரத்தடி, ஒரு சூலம், அங்கே முனீஸ்வரன். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சந்தா கொடுத்துக் கட்டினார்கள். ஆள் நிலைக்கட்டும் என்று துரைமாரும் விட்டுவைத்தார்கள். நிலம் மட்டும் கம்பெனி பெயரிலேயே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் அதன் கைக்கு எட்டாத தோட்டங்களே அதிகம். பிறகு அவை வீடமைப்புத் திட்டங்களாகின. நிலம் கைமாறிய அன்றே, மூன்று தலைமுறை கும்பிட்ட கோயில் ‘சட்டவிரோதக் கட்டடம்’ ஆனது.

2007 அக்டோபர் 30 அன்று ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. தீபாவளிக்கு இன்னும் ஒன்பதே நாள். நவம்பர் 25-இல் இந்து உரிமைப் போராட்ட இயக்கமான இண்ட்ராப்பின் அழைப்பில் பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் திரண்டு, கண்ணீர்ப் புகையையும் நீர்ப்பீச்சலையும் வாங்கினார்கள். டிசம்பர் 13-இல் அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைவைக்கப்பட்டனர். 2008 மார்ச்சில் சிலாங்கூர் ஆட்சியே மாறியது.

ஊன்றி நிற்க மண் இல்லாத சிறுபான்மையின் பாடு உலகத்தில் பழையது. இடைக்கால ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர்கள் நிலம் வைத்திருக்கவே தடை இருந்தது. அவர்களை இங்கிலாந்து 1290-இலும் ஸ்பெயின் 1492-இலும் நாட்டைவிட்டே விரட்டின. அந்தக் கொடுமையைத் தோட்டத்துக் கதையோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் கொச்சியை நினைக்கலாம். அங்கே அரசர் தம் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். 1568-இல் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது.

இங்கே அரசர் தந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. சமயக் குழு எதுவும் சொத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவே சொல்கிறது. வடக்குச் சிலாங்கூரில் இன்னும் செம்பனைக்கு நடுவே நிற்கும் கோயில்களின் நிர்வாகத்தினரே, ராஜகோபுரத்துக்கு நன்கொடைச் சீட்டு அடிக்குமுன், பழைய தோட்ட நிர்வாகத்தின் கடிதங்கள், சந்தா ரசீதுகள், திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு நில அலுவலகத்தில் விண்ணப்பம் போடுங்கள்.